மட்டிக்குள் ஒரு மில்லிகிராம்

தண்டையார்பேட்டையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருக்கிறது தொற்றுநோய் மருத்துவமனை. வடசென்னையில் பல தலைமுறைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கே ஓடியிருக்கின்றன. காலரா, வாந்திபேதி, தொண்டை அடைப்பான், நாய்க்கடி என்று இந்தப் பகுதியை ஆட்டிப்படைத்த நோய்கள் எல்லாம் அந்த வாசலைக் கடந்துதான் போயின. அங்கே வருபவரிடம் கேட்கப்படும் கேள்விகள் நமக்கும் மனப்பாடம்தான். எத்தனை தடவை போச்சு? எந்தத் தண்ணி குடிச்சீங்க? வீட்டுல வேற யாருக்காவது இருக்கா?

இந்த அத்தியாயம் பேசப்போகும் நோய் இந்தக் கேள்விகளுக்குள் அகப்படாது. இதில் பேதி பெரும்பாலும் இருக்காது, காய்ச்சல் இருக்காது. குடித்த தண்ணீருக்கும் இதற்கும் தொடர்பில்லை, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதும் இல்லை. கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான்: மட்டி, ஆழி, சிப்பி ஏதாவது சாப்பிட்டீர்களா? உதடு மரத்துப்போயிருக்கிறதா?

தமிழ்நாடு இந்த நோயை ஒருமுறை நேருக்கு நேர் பார்த்திருக்கிறது. சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்தைத் தாண்டினால், பாலாறு கடலில் சேரும் இடத்துக்கு அருகே வயலூர் என்ற ஊர் இருக்கிறது. 1981-இல் அந்த ஊர்க்காரர்கள் கழிமுகத்தில் வாரிய மட்டியைச் சமைத்துச் சாப்பிட்டார்கள். அவர்கள் என்றைக்கும் சாப்பிடுகிற மட்டிதான் அது. 85 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், 3 பேர் இறந்தார்கள். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்களும், அப்போது இ.ஜி. சைலஸ் இயக்குநராக இருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகளும் இதைப் பற்றி எழுதிவைத்தார்கள். இந்தியாவில் முறையாகப் பதிவான முதல் மட்டி நஞ்சுச் சம்பவமாக அறிவியல் உலகம் குறிப்பிடுவது நம் வயலூரைத்தான். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1983-இல், மங்களூருக்குத் தெற்கே கும்பளா கழிமுகத்து மட்டியைச் சாப்பிட்டு ஒருவர் இறந்தார். 1997 செப்டம்பரில் கேரளத்தின் விழிஞ்ஞம் கடற்கரையில் பாறைச் சிப்பி சாப்பிட்ட 500-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள், 7 பேர் இறந்தார்கள்.

தண்டையார்பேட்டையிலிருந்து வயலூருக்குப் பேருந்தில் போனால் அரை நாளில் திரும்பிவிடலாம். கரையோர நீரோட்டத்துக்கு அது இன்னும் சிறிய தூரம். ஆண்டின் முதல் பாதியில் தெற்கிலிருந்து வடக்காகவும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வடக்கிலிருந்து தெற்காகவும் அந்த நீரோட்டம் ஓடிக்கொண்டே இருக்கிறது. வயலூர்த் தண்ணீர் வேறு, எண்ணூர்த் தண்ணீர் வேறு என்று கடலுக்குத் தெரியாது.

மட்டி எப்படிச் சாப்பிடுகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். சேற்றுக்குள் புதைந்திருக்கும் மட்டி, இரண்டு சிறு குழாய்களை மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்றின் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், மற்றொன்றின் வழியாக வெளியே வரும். உள்ளே இருக்கும் செவுள்களில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் இடைவிடாமல் அசைந்து தண்ணீரை இழுக்கின்றன. வரும் தண்ணீரில் மிதக்கும் நுண்பாசிகளைச் செவுள் வடிகட்டி, சளியில் ஒட்டவைத்து, வாய்க்கு அனுப்புகிறது. பாறையில் ஒட்டியிருக்கும் பச்சை ஆழியும் இதே வேலையைத்தான் செய்கிறது. வளர்ந்த ஓர் ஆழி மணிக்குச் சில லிட்டர் தண்ணீரை இப்படி வடிகட்டிவிடும். எண்ணூரில் ஆழியை உடைத்துப் பார்த்தவர்களுக்கு, சதையின் நடுவில் கரும்பச்சையாக ஒரு கட்டி இருப்பது தெரியும். அது செரிமானச் சுரப்பி. வடிகட்டியதெல்லாம் அங்கேதான் போய்ச் சேர்கிறது.

நுண்பாசிகளில் ஆயிரக்கணக்கான வகைகள் உண்டு. கடலில் வாழும் ஏறக்குறைய எல்லா உயிருக்கும் அடிப்படைச் சோறு அவைதான், நாம் மூச்சு விடும் ஆக்சிஜனில் பெரும் பங்கும் அவை கொடுப்பதே. அவற்றில் மிகச் சில வகைகள் மட்டும் நஞ்சை உண்டாக்குகின்றன. வயலூர் வகை நோய்க்குக் காரணமானவை இரட்டைச் சாட்டையுயிரிகள் என்ற கூட்டத்தைச் சேர்ந்தவை. ஒவ்வொரு செல்லுக்கும் சாட்டை போன்ற இரண்டு நீட்சிகள் உண்டு. ஒன்று இடுப்பைச் சுற்றிய பள்ளத்தில் கிடந்து செல்லைச் சுழற்றும், மற்றொன்று பின்னால் நீண்டு முன்னே தள்ளும். அலெக்சாண்ட்ரியம், ஜிம்னோடினியம் கேட்டனேட்டம், பைரோடினியம் ஆகிய மூன்றும் இவற்றில் பேர்போனவை. ஒரு செல்லின் குறுக்களவு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு.

ஒரு லிட்டர் தண்ணீரில் ஆயிரம் செல்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு குவளையில் மொண்டு வெயிலில் பிடித்துப் பார்த்தாலும் தண்ணீர் தெளிவாகத்தான் தெரியும். மணிக்கு இரண்டு லிட்டர் வடிகட்டும் ஆழிக்குள் ஒரே நாளில் ஏறக்குறைய ஐம்பதாயிரம் செல்கள் போய்விடும். ஒரு வாரத்தில் மூன்றரை லட்சம். கடலில் எந்த நிறமாற்றமும் இல்லாமலேயே ஆழி நஞ்சேறிவிட முடியும் என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

நஞ்சின் பெயர் சாக்சிடாக்சின். அது உடம்பில் செய்யும் வேலை ஒன்றே ஒன்று, ஆனால் அது பொல்லாத வேலை. நம் நரம்புகளின் சுவரில் சோடியம் அயனிகள் மட்டுமே நுழையக்கூடிய நுண்துளைகள் உள்ளன. அவை திறந்து சோடியம் உள்ளே பாய்ந்தால்தான் நரம்பில் மின்துடிப்பு நகரும். விரலை மடக்குவது, பேசுவது, மூச்சை இழுப்பது எல்லாம் அந்தத் துடிப்பு போய்ச் சேர்வதால்தான் நடக்கின்றன. சாக்சிடாக்சின் மூலக்கூறின் ஒரு முனை அந்தத் துளையின் வாயில் கச்சிதமாகப் பொருந்துகிறது. புட்டிக்குத் தக்கை அடைத்தாற்போல் அடைத்துக்கொள்கிறது. பேத்தை மீனின் நஞ்சும் இதே துளையைத்தான் அடைக்கிறது. பேத்தை வலையில் விழுந்தால் கரையிலேயே எடுத்து எறிந்துவிட வேண்டும் என்று காசிமேட்டில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். மட்டியில் அப்படிப் பார்த்து ஒதுக்க வழி இல்லை. அதே மட்டி, அதே நிறம், அதே ருசி.

அப்படியானால் மட்டி ஏன் சாகவில்லை? வடஅமெரிக்கக் கரையோரத்து மட்டி இனம் ஒன்றை ஆராய்ந்தவர்கள் 2005-இல் இதற்கு அழகான விடை ஒன்றைக் கண்டார்கள். நச்சுப்பாசி அடிக்கடி வரும் இடங்களில் வாழும் மட்டிகளின் சோடியம் துளைப் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. அந்தச் சின்ன மாற்றத்தால் நஞ்சு அங்கே சரியாகப் பொருந்துவதில்லை. நரம்பு தப்பிக்கிறது, மட்டி தொடர்ந்து சாப்பிடுகிறது, நஞ்சு தொடர்ந்து சேர்கிறது. தன்னைக் காத்துக்கொண்ட மட்டிதான் சாப்பிடுகிறவருக்கு மிக ஆபத்தானதாக ஆகிறது.

மனிதரைக் கொல்ல ஒன்று முதல் நான்கு மில்லிகிராம் சாக்சிடாக்சின் போதும். ஒரு உப்புக் கல்லின் எடைதான் அது. சாப்பிட்ட அரை மணி நேரத்தில், சில சமயம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, உதட்டிலும் நாக்கிலும் சுருசுருவென்று ஏதோ ஊரும். பிறகு முகம் மதமதத்துப்போகும். விரல் நுனிகள், கைகள், கால்கள் என்று மரத்துக்கொண்டே வரும். உடம்பு காற்றில் மிதப்பதுபோல் இருந்ததாகத் தப்பிப் பிழைத்த பலர் சொல்லியிருக்கிறார்கள். வாந்தி வரலாம், வராமலும் போகலாம். பேச்சு குழறும், நடை தள்ளாடும். குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று வீட்டிலும் மருத்துவமனையிலும் நினைத்துவிடுகிற ஆபத்து இங்கே உண்டு. கடைசியில் நெஞ்சுக்கூட்டின் தசைகளும் உதரவிதானமும் நிற்கின்றன. அதுவரை நோயாளிக்கு நினைவு தெளிவாக இருக்கும்.

மாற்று மருந்து கிடையாது. ஆனால் இதைப் படிக்கும் மருத்துவ மாணவர்களும் செவிலியர்களும் அடுத்து வரும் வரியை மறக்கவே கூடாது: இந்த நஞ்சு நரம்பை அழிப்பதில்லை, அடைத்துவைக்கிறது. சிறுநீரகம் அதை வெளியேற்ற ஏறக்குறைய ஒரு நாள் போதும். அந்த ஒரு நாள் செயற்கைச் சுவாசக் கருவி மூச்சை ஓட்டிக்கொடுத்தால், நோயாளி பெரும்பாலும் எந்தக் குறையும் இல்லாமல் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். இவ்வளவு கொடிய நஞ்சுக்கு இவ்வளவு எளிய தீர்வு இருப்பது அபூர்வம். நோயாளி நேரத்துக்கு வர வேண்டும், வந்தவுடன் நோய் அடையாளம் காணப்பட வேண்டும். வெறும் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு ஓரத்தில் படுக்கவைத்தால் இரவுக்குள் மூச்சு நின்றுவிடக்கூடும். குழந்தைகளுக்கு அவகாசம் இன்னும் குறைவு. 1987-இல் குவாத்தமாலாவின் பசிபிக் கரையில் மட்டிச் சாறு குடித்த 187 பேர் நோயுற்று 26 பேர் இறந்தார்கள். அதில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் பாதிப் பேர் பிழைக்கவில்லை. பெரியவர்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்தான்.

அந்தச் சாறு என்பதைக் கவனியுங்கள். நம் வீடுகளில் மட்டியை உப்புத் தண்ணீரில் ஒரு ராத்திரி போட்டு மண் கக்க வைப்பார்கள். பிறகு கொதிக்கவைப்பார்கள், ஓடு வாய் திறக்கும், தண்ணீர் பால்போல் வெளுக்கும். அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் குழம்பில் சேர்ப்பவர்கள் உண்டு, சளிக்கு நல்லது என்று பிள்ளைகளுக்குக் கொடுப்பவர்களும் உண்டு. மண் கக்க வைத்தால் மண்தான் போகும். கொதிக்கவைத்தால் கிருமிகள்தான் சாகும். சாக்சிடாக்சின் கொதியிலும் அழியாது, உறையவைத்தாலும் அழியாது. தண்ணீரில் நன்றாகக் கரையும் என்பதால், வேகும்போது ஒரு பகுதி வெளியேறிச் சாற்றில் கலந்து நிற்கும். புளி, மஞ்சள், பூண்டு எதுவும் அதைத் தொடாது. வெள்ளிக் காசு போட்டால் கறுக்கும் என்பது உலகெங்கும் இருக்கும் நம்பிக்கை. அதை நம்பக் கூடாது.

ஐரோப்பியரிடம் இதற்குப் பழைய பதிவு ஒன்று இருக்கிறது. 1793 ஜூன் 15 அன்று, இன்றைய கனடாவின் மேற்குக் கரையை அளந்துகொண்டிருந்த ஜார்ஜ் வான்கூவரின் மாலுமிகள் காலை உணவுக்குப் பாறை ஆழிகளை வறுத்துச் சாப்பிட்டார்கள். சிலருக்கு முகமும் கைகால்களும் மரத்தன. ஜான் கார்ட்டர் என்ற மாலுமி அன்று பிற்பகலுக்குள் இறந்தார். ஒரு விரிகுடாவுக்கு அவர் பெயரையே வான்கூவர் வைத்தார். ஆனால் பாசிக்கும் ஆழிக்கும் உள்ள தொடர்பு துலங்க இன்னும் நூறாண்டுகளுக்கு மேல் பிடித்தன. 1927-இல் சான்பிரான்சிஸ்கோ அருகே 102 பேர் நோயுற்று 6 பேர் இறந்தபோது, ஹெர்மன் சாமர், கார்ல் மேயர் ஆகிய இருவரும் அவர்களது சகாக்களும் கடல்நீரை வாரந்தோறும் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். சாட்டையுயிரிகள் பெருகிய வாரங்களில் ஆழியின் நஞ்சும் ஏறியது, அவை குறைந்தபோது நஞ்சும் இறங்கியது. 1937-இல் வெளியான அவர்களுடைய ஆய்விலிருந்து பிறந்ததுதான் சுண்டெலிச் சோதனை. ஆழிச் சதையின் அமிலச் சாற்றை 20 கிராம் எடையுள்ள சுண்டெலிக்கு ஊசியில் ஏற்றி, எத்தனை நிமிடத்தில் அது சாகிறது என்பதை வைத்து நஞ்சின் அளவைக் கணக்கிட்டார்கள். பல பத்தாண்டுகள் உலகம் இந்தச் சுண்டெலிகளின் உயிரை வைத்தே மட்டியைத் தரம்பிரித்தது. இன்று வேதியியல் கருவிகள் அந்த வேலையைச் செய்கின்றன. கிலோவுக்கு 0.8 மில்லிகிராம் என்ற இன்றைய பன்னாட்டு உச்சவரம்பின் வேர் அந்தக் காலத்துச் சோதனையில்தான் இருக்கிறது.

சென்னைக்காரர்களிடம் நச்சுப்பாசி என்று சொன்னால் உடனே நினைவுக்கு வருவது 2019 ஆகஸ்ட் 18 இரவு. திருவான்மியூர் தொடங்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும் அலைகள் நீலமாக ஒளிர்ந்தன. நள்ளிரவில் ஊரே கடற்கரையில் நின்றது. ஒளியைத் தந்தது நாக்டிலூகா என்ற உயிரி. அதுவும் இரட்டைச் சாட்டையுயிரிக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் சாக்சிடாக்சினை உண்டாக்குவதில்லை. அதன் உடலில் அம்மோனியா சேர்ந்திருக்கும். லட்சக்கணக்கில் பெருகி மடியும்போது அம்மோனியா வெளியேறும், அழுகலில் தண்ணீரின் ஆக்சிஜன் தீரும், மீன்கள் மூச்சு முட்டிச் சாகும். 2008 அக்டோபரிலும் 2019 செப்டம்பரிலும் மன்னார் வளைகுடாவில் இதன் பச்சை வகை பெருகியபோது பாம்பன், மண்டபம் பக்கத்தில் மீன்கள் செத்து ஒதுங்கின. 2019-இல் பவளப்பாறைகளும் பட்டன. பூங்கோரை என்று அங்கத்திய மீனவர்கள் இதைச் சொல்வார்கள். கடல் பழுப்பாகி மீன் சாவது புதிதும் அல்ல. மதராஸ் மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், மலபார்க் கரையில் இப்படி நடந்ததை ஆராய்ந்து 1917-இலேயே எழுதியிருக்கிறார்.

நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். கடலை ஒளிரவைக்கும் பாசியும், பச்சையாகவோ சிவப்பாகவோ மாற்றும் பாசியும், மனிதரைக் கொல்லும் பாசியும் பெரும்பாலும் வெவ்வேறு. செய்தியாவது முதல் இரண்டு வகைகள். செயற்கைக்கோள் பார்ப்பது இரண்டாம் வகை. ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம் பாசிப் பெருக்கத்தைப் பற்றிய தகவல்களை விண்ணிலிருந்து கடலின் நிறத்தைப் பார்த்துத் தருகிறது. மிக நல்ல சேவை அது. ஆனால் லிட்டருக்கு ஆயிரம் செல் என்பது நிறமாகவே தெரியாதபோது, எந்தச் செயற்கைக்கோளாலும் அதைப் பார்க்க முடியாது. நஞ்சைக் கண்டுபிடிக்க மட்டியைத்தான் எடுத்துச் சோதிக்க வேண்டும்.

மட்டி வழியாக வரும் நஞ்சு இது ஒன்றுதான் என்றும் நினைத்துவிடக் கூடாது. முக்கியமாக வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஒரு வகை உண்டு. 1970-களின் பிற்பகுதியில் ஜப்பானில் யசுமோட்டோவின் குழு அதை அடையாளம் கண்டது. உயிர் போகாது, ஆனால் சாதாரண வயிற்றுக்கோளாறு என்ற கணக்கில் எழுதப்பட்டு மறைந்துவிடும். 1987-இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவு ஆழிகளைச் சாப்பிட்ட 107 பேர் நோயுற்று 3 பேர் இறந்தபோது வெளிப்பட்டது டொமோயிக் அமிலம். பிழைத்தவர்களில் சிலருக்குப் புதிய நினைவுகளைப் பதியவைக்கும் திறனே போய்விட்டது.

இப்போது வடசென்னைக்கு வருவோம். கொசஸ்தலையாறு, எண்ணூர்க் கழிமுகம், பக்கிங்காம் கால்வாய், அனல்மின் நிலையங்களின் வெந்நீர், மணலியின் உர ஆலையும் எண்ணெய் ஆலையும், இரண்டு பெரிய துறைமுகங்கள், காசிமேடு மீன்பிடித் துறைமுகம். இருபது கிலோமீட்டர் கரையில் இத்தனையையும் அடுக்கிவைத்த இடம் இந்தியாவில் அதிகம் இல்லை. சாக்கடையும் உரக்கழிவும் கொண்டுவரும் நைட்ரஜனும் பாஸ்பரசும் பாசிக்குத் தீனி. சிலிக்கா ஓடு கட்டும் டயாட்டம் பாசிகளுக்கு மணலிலிருந்து கரைந்து வரும் சிலிக்காவும் வேண்டும். சாக்கடையில் அது போதிய அளவு இல்லை. அதனால் கழிவு மிகுந்த கரைகளில் டயாட்டம் பின்தங்கிச் சாட்டையுயிரிகள் மேலெழுவது உலகின் பல இடங்களில் நடந்திருக்கிறது. ஆனால் கழிவு இருந்தால்தான் நஞ்சு வரும் என்று சொல்லிவிட முடியாது. வான்கூவரின் மாலுமி இறந்த கரையில் ஆலை ஏது, சாக்கடை ஏது?

எனக்குப் பெரிய கவலை தருவது கப்பல்தான். சரக்கை இறக்கிய கப்பல் நிலைகுலையாமல் போவதற்காக வயிற்றில் கடல்நீரை நிரப்பிக்கொள்கிறது. அடுத்த துறைமுகத்தில் சரக்கு ஏற்றும்போது அந்த நீரை வெளியே விடுகிறது. ஜிம்னோடினியம், அலெக்சாண்ட்ரியம் போன்றவை சூழல் ஒத்துவராதபோது தடித்த ஓடு போர்த்த உறங்கும் செல்களாக மாறி அடிச்சேற்றில் படிந்துவிடும். பல்லாண்டு காலம் அப்படியே கிடந்து, நல்ல காலம் வந்ததும் முளைக்கும். சுவீடனின் கடற்சேற்றில் ஏறக்குறைய நூறாண்டுப் பழமையான உறங்குசெல்களை எடுத்து முளைக்கவைத்திருக்கிறார்கள். கப்பலின் நீர்த்தொட்டியில் சில வாரம் இருட்டில் கிடப்பது அவற்றுக்கு ஒன்றுமே இல்லை. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் 1980-களில் திடீரென்று ஜிம்னோடினியம் பெருகி மட்டிப் பண்ணைகளை மூடவைத்தது. அங்கே ஆராய்ந்த குஸ்டாஃப் ஹாலகிராஃப், அது கப்பல் நீரில் வந்திருக்க வேண்டும் என்று வாதிட்டார். கப்பல் நீரைச் சுத்திகரித்தே விட வேண்டும் என்னும் பன்னாட்டு உடன்படிக்கை 2004-இல் உருவாகி, 2017 செப்டம்பர் 8-இல்தான் நடைமுறைக்கு வந்தது. சென்னைத் துறைமுகம் அதற்குள் 130 ஆண்டுகளுக்கு மேல் கப்பல்களைப் பார்த்துவிட்டது. 2001-இல் திறந்த எண்ணூர்த் துறைமுகமும் பதினாறு ஆண்டுகளைக் கடந்துவிட்டது. இரண்டிலும் அடிச்சேற்றை அவ்வப்போது தோண்டியும் வருகிறார்கள்.

கப்பல் வழியாக அயல் உயிரி வந்து இறங்குவது வெறும் ஊகம் இல்லை என்பதற்கு எண்ணூர்க் கழிமுகத்தில் கண்கண்ட சாட்சி இருக்கிறது. காக்கா ஆழி என்று மீனவர்கள் சொல்லும் கறுத்த சின்ன ஆழி அது, தென்அமெரிக்க, மத்திய அமெரிக்கக் கரைகளுக்குச் சொந்தமானது. சில ஆண்டுகளிலேயே கழிமுகத்தின் அடியைப் பாய் விரித்தாற்போல் மூடி, பழவேற்காடு வரை பரவிவிட்டது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று இறால் பிடித்த சேறும், மஞ்சள் மட்டி வாரிய மணலும் அதற்கடியில் போய்விட்டன. இறங்கினால் கால் கிழிகிறது. விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறது. காக்கா ஆழியைக் கண்ணால் பார்க்க முடிந்ததால் மீனவர்கள் அதை அடையாளம் கண்டு குரல் எழுப்பினார்கள். அதே வழியில் வரக்கூடிய உறங்குசெல்லை யார் பார்ப்பது?

செய்ய வேண்டியது பெரிய காரியமும் இல்லை. கலிபோர்னியாவில் ஒவ்வோர் ஆண்டும் மே 1 முதல் அக்டோபர் 31 வரை பாறை ஆழிகளைப் பொதுமக்கள் பறித்துச் சாப்பிடத் தடை. அதோடு கரை நெடுக ஆழிகளை எடுத்துச் சோதித்து முடிவை அறிவிக்கிறார்கள். நமக்கு ராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர், எண்ணூர் வரை கடலரிப்புக்காகக் கொட்டிய தூண்டில் வளைவுக் கற்கள் இருக்கின்றன. அந்தக் கற்களில் பச்சை ஆழி காய்த்துத் தொங்குகிறது. மாதம் இருமுறை ஐந்தாறு இடங்களில் இருந்து ஒரு பை ஆழி எடுத்து, செரிமானச் சுரப்பியைச் சோதித்தால் போதும். பள்ளிக்கரணையில் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஊரில் பல்கலைக்கழகங்களுக்கும் ஆய்வகங்களுக்கும் குறைவில்லை. வெளிநாட்டுக்கு மட்டி அனுப்ப வேண்டுமானால், பிடிக்கும் இடத்தைப் பதிவு செய்து, நஞ்சைச் சோதித்துச் சான்று கொடுத்தாக வேண்டும். ஐரோப்பாவில் மட்டி சாப்பிடுகிறவருக்குக் கிடைக்கும் அந்தக் காவல், அதே மட்டியை வாரிக் கூறுகட்டி விற்கும் நம் ஊர்ப் பெண்ணின் வீட்டு அடுப்புக்கும் கிடைக்க வேண்டும். அதைக் கேட்பது பேராசை அல்ல.

எச்சரிக்கை கொடுக்கும்போது வார்த்தை மிக முக்கியம். 2017 ஜனவரி 28-இல் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, எண்ணெயே படாத மீனும் விலைபோகவில்லை. கடலில் நஞ்சு என்று பொதுவாக ஒரு அறிவிப்பு வந்தால் மறுநாள் காசிமேட்டில் வஞ்சிரமும் சங்கராவும் தேங்கிவிடும், கடன் வாங்கிப் படகு விட்டவர் நடுத்தெருவில் நிற்பார். சாக்சிடாக்சின் மீனின் சதையில் தங்குவது மிகக் குறைவு. நாம் மீனைக் குடல் எடுத்துக் கழுவித்தான் சமைக்கிறோம். ஆபத்து வடிகட்டி உண்ணும் உயிர்களில்தான் இருக்கிறது. ஆகவே அறிவிப்பில் உயிரியின் பெயரும் இடத்தின் பெயரும் தேதியும் இருக்க வேண்டும்: மட்டி, ஆழி, சிப்பி ஆகியவற்றை எண்ணூர் முகத்துவாரத்தில் இந்தத் தேதி முதல் எடுக்க வேண்டாம், மீன் சாப்பிடலாம். ஆழி பெரும்பாலும் சில வாரங்களில் நஞ்சை வெளியேற்றிவிடும். அலாஸ்காவின் மட்டி இனம் ஒன்று இரண்டு ஆண்டுகள் வரைகூட வைத்திருக்கும். எது எவ்வளவு காலம் என்பதைச் சோதனைதான் சொல்லும். அடுத்தடுத்த சோதனைகளில் அளவு வரம்புக்குள் வந்ததும், எடுக்கலாம் என்று அதே குப்பங்களில் அதே ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். மூடியிருந்த நாட்களுக்கு மட்டி வாரும் குடும்பங்களுக்குப் பணம் கொடுக்க வேண்டும். மீன்பிடித் தடைக்காலத்தில் கடலோடிகளுக்கு நிவாரணம் கொடுக்கும் ஏற்பாடு தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. கழிமுகத்தில் கையால் வாரிப் பிழைக்கும் பெண்களின் பெயரையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.